கடைசி எட்டு எண்ணிக்கை

1

இந்தக் கதையை எழுதமாட்டேன் என்று என் அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பதினோரு வருடம் காப்பாற்றினேன். போன மாதம் அவளே போன் செய்து, "எழுதுடி. யாராவது எழுதிட்டா நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்ல" என்றாள். அதன் பிறகுதான் எனக்குக் கை ஓடவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘பத்தொன்பது வருடம் பாலே ஆடியவளின் கால்விரல்கள்—’

கால்விரலில் ஆரம்பித்தால் பரிதாபத்தில்தான் போய் முடியும். அடித்துவிட்டேன்.

நேராகவே சொல்கிறேன். இடுப்பு மூட்டு தேய்ந்து ஆட்டத்தை நிறுத்திய பிறகு, அக்கா நடனம் ஏற்றிவைப்பவள் ஆனாள். நடனத்தை அமைத்தவர் இறந்திருப்பார். வேறொரு குழு அதை ஆட அனுமதி வாங்கும். இவள் போய் ஒவ்வொரு அசைவையும் அவர்கள் உடம்பில் ஏற்றிவிட்டு வருவாள். அவள் ஏற்றியது ஒரே ஒரு நடனம். இருபத்தாறு நிமிடம், இரண்டே பேர். அவளுக்காகவே அதை அமைத்தவரைக் குழுவில் எல்லோரும் பெரியவர் என்பார்கள். ‘ஒரு விரல்கூட மாறக் கூடாது’ என்று உயிலில் எழுதி, நடனத்தை அவள் பொறுப்பில் விட்டுப் போனார்.

2

அந்த நடனத்தின் புகழெல்லாம் கடைசி எட்டு எண்ணிக்கையில், அதாவது தாளத்தின் கடைசி எட்டு அடியில், இருந்தது. ஆடுபவள் மூலைக்குப் போய், கூட ஆடுபவனுக்கு முதுகைக் காட்டி நின்று, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகப் பாய்வாள். அவன் ஓடிவந்து தரைக்கு இரண்டு சாண் மேலே பிடிப்பான்.

ஒன்பதாவது குழுவுக்குப் போனபோது அக்காவின் இடுப்பில் அறுவை நடந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பையைத் தூக்க நானும் போனேன். ஆட வேண்டிய பெண்ணை அங்கே குருவி என்றார்கள். பிடிக்க வேண்டியவன் நெட்டையன்.

[குருவியைப் பயந்தவளாக எழுதியிருந்தேன். பொய். அந்த அறையில் பயந்தது நெட்டையனும் நானும்தான்.]

நான்காம் நாள் நெட்டையன் அரை எண்ணிக்கை பிந்தினான். குருவி விழுந்தாள். அந்தச் சத்தத்துக்கு உவமை தேடியே எனக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. வேண்டாம். ஓர் ஆள் மரத்தரையில் விழுந்த சத்தம். பியானோக்காரர் இன்னும் இரண்டு கட்டைகளை அழுத்திவிட்டுத்தான் நிறுத்தினார்.

குழுவின் இயக்குநர் அக்காவை ஓரமாக அழைத்தார். "மேடம், கடைசிய மட்டும் கொஞ்சம் எளிமையாக்கிடலாமா?"

"உயில்ல மாத்தக் கூடாதுன்னு இருக்கு சார்."

"அந்தப் பொண்ணு கழுத்த ஒடிச்சுக்கிட்டா உயிலா வந்து பதில் சொல்லும்?"

அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். குடிக்காமல் மூடினாள்.

3

அன்று மதியம், உடை மாற்றும் அறையில், என்னிடம் சொன்னாள்: "பெரியவர் அந்தத் தாவலை அமைக்கவே இல்லடி."

அவர் அமைத்தது ஒரு நடை. முதுகைக் காட்டி நின்றவள் பின்பக்கமாகவே மெல்ல நடந்து வந்து, அவன் மார்பில் சாய வேண்டும். அவ்வளவுதான். முதல் காட்சி நடந்த வாரம் பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"நடந்து வந்து சாஞ்சா யாருடி கைதட்டுவா? என்கூட ஆடினவனும் நானும் பேசி மாத்திட்டோம்."

அரங்கமே எழுந்து நின்றது. பத்திரிகைகள் பெரியவரின் துணிச்சலைப் புகழ்ந்தன. மூன்றாவது வாரம் வந்து பார்த்தவர், ஒப்பனை அறைக் கதவைச் சாத்திவிட்டு, "இனிமே இது என்னோடது. நீ வாயத் திறக்காத" என்றாராம்.

"அப்ப அவரும் உடந்தை."

"உடந்தைதான். ஆனா குதிச்சது நான்."

(உயிலில் அந்த வரியை எழுதும்போது அவர் மனதில் இருந்தது நடையா, தாவலா? இரண்டு பக்கம் யோசித்து எழுதிக் கிழித்தேன். செத்தவர் மனதுக்குள் புகுந்து பார்க்க எனக்கு வழியில்லை.)

"சொன்னா முப்பது வருஷப் பேரு போயிடும். சொல்லலன்னா..." என்றாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப்போவதில்லை.

4

இந்த இடத்தில் அவள் உடனே எழுந்து போய் உண்மையைச் சொன்னதாக எழுத ஆசைதான். கூடப்பிறந்தவள் அல்லவா. ஆனால் இரண்டு நாள் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளில் குருவி பதினான்கு தடவை பாய்ந்தாள். நெட்டையன் பன்னிரண்டு தடவை பிடித்தான். குருவியின் மணிக்கட்டு வீங்கிப்போயிற்று.

மூன்றாம் நாள், முதல் காட்சிக்கு ஆறு மணி நேரம் இருக்கும்போது, எல்லோரையும் உட்காரவைத்து அக்கா சொன்னாள். பிறகு கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு மூலைக்குப் போய் நின்றாள். நெட்டையனை எதிர்மூலையில் நிற்கச் சொல்லி, பியானோக்காரருக்குத் தலையசைத்தாள். புது இடுப்போடு, பின்பக்கமாக, ஒவ்வோர் அடியாக வந்து நெட்டையனின் மார்பில் சாய்ந்தாள். அவன் கண் கலங்கிவிட்டது.

"அழகா இருக்கு மேடம்," என்றாள் குருவி. "ஆனா நான் குதிக்கிறேன்."

"ஏம்மா? அது அவரோடதே இல்லன்னு சொல்றேன்."

"தெரியுது. உங்களோடது. நீங்க குதிச்சுப் பேர் வாங்கிட்டு என்னை மட்டும் நடக்கச் சொல்றீங்க."

அக்கா என்னிடமிருந்து கைத்தடியை வாங்கிக்கொண்டாள்.

"பிடிக்கப்போறவன் நான்," என்றான் நெட்டையன். "என்கிட்ட யாருமே கேக்கல."

இயக்குநர் எழுந்தார். "ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் தாவல். ஒருத்தர் வேணாம்னாலும் நடை."

குருவியும் நெட்டையனும் பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே வந்ததும் அக்காவின் காதிலும் இயக்குநரின் காதிலும் மட்டும் சொன்னார்கள். அக்கா கண்ணை மூடித் திறந்தாள். அதிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

5

காட்சி முடிந்த பிறகு அக்கா தானே பெரியவரின் வாரிசுகளுக்குக் கடிதம் எழுதி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அந்த மாதமே நடனத்தின் உரிமை அவள் கையைவிட்டுப் போயிற்று. இது உறுதி.

காட்சி எப்படி முடிந்தது என்பதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். குருவி நடந்தாள்: பள்ளிக்கூடப் பாடம்போல் இருந்தது. பாய்ந்தாள், பிடித்தான்: அக்காவின் பொய்க்கு நானும் சேர்ந்து கைதட்டியதுபோல் இருந்தது. பாய்ந்தாள், அரை எண்ணிக்கை—

மூன்றாவது வரிசையில் இருந்து பார்த்தவள் நான். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதலாமா என்று குருவியின் வீட்டு முகவரிக்குக் கடிதம் போட்டுக் கேட்டிருந்தேன். பதில் வந்தது. அதை எழுதியது யார் என்று சொல்லமாட்டேன். ‘எல்லாம் எழுதுங்க. கடைசி எட்டு மட்டும் வேண்டாம்.’

ஆகவே இதோ, இவ்வளவுதான் தர முடியும். விளக்கு குருவியின் முதுகில் விழுகிறது. நெட்டையன் எதிர்மூலையில் கைகளைத் தொங்கவிட்டபடி நிற்கிறான். அக்கா என் விரல்களை நெரிக்கிறாள். நடைக்கும் தாவலுக்கும் முதல் எண்ணிக்கை ஒன்றுதான்: மூச்சை உள்ளே இழுக்க வேண்டும்.

குருவி இழுத்துவிட்டாள். இரண்டிலிருந்து நீங்கள் எண்ணுங்கள்.