மைத்துனன் நாக்கில் வைத்த செம்புக்காசு

என் மைத்துனனுக்கு எந்த உலோகமானாலும் நாக்கில் வைத்துப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். செம்பு துவர்க்குமாம், வெள்ளி சில்லிடுமாம், போலிக் காசு பழைய சாக்ஸ் மாதிரி இருக்குமாம். பழைய சாக்ஸை எப்போது நக்கினான் என்று நான் கேட்கவில்லை. சொல்லிவிடுவான் என்று பயம்.

நான் நாணயம் சேர்க்கிறவன். என்னிடம் ஒரு செம்புக்காசு இருந்தது. காலம் அதன்மேல் பூசிவைத்த பழுப்பு நிறம்தான் அதன் உயிர். அது போனால் வெறும் தகடு. எப்படியாவது அதை ஞாயிற்றுக்கிழமைக் கண்காட்சியில் வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அங்கே வரும் நடுவர் கறாரான ஆள். பளபளப்பாக்கிய காசை மேசையில் ஏறவிட மாட்டார்.

எனக்கு அதைக் கொடுத்த புண்ணியவான் வருடக்கணக்கில் மட்டமான பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்ததால், காசின் ஓரமெல்லாம் சளி மாதிரிப் பச்சைப் பிசின். விட்டால் செம்பை அரித்துவிடும். சன்னலைத் திறந்துவைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோன் ஊற்றி ஊறப்போட்டேன். பச்சை நழுவி இறங்கியது. பழுப்பு அப்படியே நின்றது. தேய்க்காமல் பருத்தித் துணிமேல் உலர வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் துணிதான் இருந்தது. மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் உப்ப, ருசி பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து அடுத்த அறையிலிருந்து என் மனைவி, "டேய், அங்க என்னடா பண்றே?" என்றாள். அக்காள் குரல் கேட்டால் வாயில் இருப்பதை விழுங்கிவிடுவது அவனுக்குச் சிறுவயதுப் பழக்கம். திருட்டுத் தின்பண்டத்தில் தேறிய தொண்டை.

"ஒண்ணுமில்லக்கா," என்றான். பொய்யில்லை. வாயில் ஒன்றும் இல்லைதான்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தானாக வந்துவிடும், காத்திருங்கள் என்றார். புளிப்பாக எதையும் உள்ளே தள்ளாதே என்று மைத்துனனிடம் கெஞ்சினேன். அவனோ உறுத்துகிறது என்று எலுமிச்சைச் சாறாகக் குடித்துத் தீர்த்தான். தினமும் கழிப்பறை வாசலில் பிரசவ வார்டு அப்பன் மாதிரி நின்றேன். அவன் வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவான்.

என் மனைவி மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "சமையல் வடிகட்டியில கை வெச்சீங்க, உங்களையும் அவனையும் ஒண்ணா வெளிய தள்ளிடுவேன்."

கடைசியில் காசு வந்து சேர்ந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி ரப்பர் கையுறை மாட்டி, மூக்கில் துணிக் கவ்வியைப் போட்டுக்கொண்டு வாளிமுன் உட்கார்ந்தேன். அந்த வாடை கவ்வியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தது. சோப்பைப் போட்டு நாலு தேய் தேய்க்கக் கை துடித்தது. ஆனால் நாணயத்தைத் தேய்க்கக் கூடாது என்பது விதி. இந்த நிலைமைக்கு விலக்கு உண்டு என்று யாரும் எழுதிவைக்கவில்லை. குமட்டிக் குமட்டி, காய்ச்சி வடித்த நீரை மாற்றி மாற்றி ஊற்றினேன். தண்ணீர் தெளிந்தபோது பழுப்பு போயே போய்விட்டது. அப்போது பிறந்த எலிக்குஞ்சு மாதிரி இளஞ்சிவப்பாகக் கிடந்தது என் காசு.

"புதுசாட்டம் ஆயிடுச்சு அத்தான்," என்றான் மைத்துனன். நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றான்.

மனசு கேட்காமல் கண்காட்சிக்கு எடுத்துப் போனேன். நடுவர் லென்ஸை வைத்துக்கொண்டு, மூக்கு காசில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். நான் தடுக்கவில்லை.

"கழுவியிருக்கீங்க. மேசைக்கு வராது," என்றார். சொன்னவர் காசைக் கீழே வைக்கவில்லை. "ஆனா ஒரு கீறல் இல்ல. இவ்ளோ சீரா உரிச்சு நான் பார்த்ததே இல்ல. என்ன அமிலங்க இது? எங்க கிடைக்கும்?"

பிஸ்கட் தட்டோடு மூலையில் நின்றிருந்த மைத்துனனைக் காட்டினேன். "அவரைத்தான் கேக்கணும். சொந்தத் தயாரிப்பு."

நடுவர் காசை முகர்ந்துகொண்டே ஆவலாக அவனிடம் போனார். மைத்துனன் வாயைத் துடைத்துக்கொண்டு, விளக்கத் தயாரானான். நான் காற்று வாங்க வெளியே போய்விட்டேன்.