சூட்டோடு கழற்றிய பைப்

நாடகக் குழுவில் மேடைச் சாமான்களுக்கு அவர்தான் பொறுப்பு. புது நாடகத்தில் வரும் நீதிபதி பைப்பில் புகையிலை பிடிக்கிறவர். வாங்கி வைத்திருந்த பொம்மை பைப் மேடையில் எடுபடவில்லை. நீதிபதியாக நடித்தவன் அவர் மனைவியின் தம்பி. அக்கா புருஷன் வீட்டில் புகைக்கும் சொந்த பைப்பைக் கேட்டு மூன்று நாள் நச்சரித்தான். மனைவியும் சேர்ந்துகொள்ள, அவர் இளகிவிட்டார்.

கொடுக்கும்போதே படித்துப் படித்துச் சொன்னார். புகைத்து முடித்ததும் ஆறவிட வேண்டும், வாயில் வைக்கும் குழலைச் சூட்டோடு பிடுங்கக் கூடாது. ஆறிய பிறகும் புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திருகித்தான் கழற்ற வேண்டும். சாம்பலைத் தட்ட உள்ளங்கை போதும். மச்சினன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அன்று மாலை ஒத்திகை. கோபக் காட்சியில் வசனம் ஏற ஏற, இரும்பு மேசையில் பைப்பை ஓங்கி மூன்று தட்டு தட்டினான். அவர் திரைக்குப் பின்னாலிருந்து ஓடி வருவதற்குள் சூட்டோடு குழலையும் வெடுக்கென்று இழுத்துவிட்டான். குழலின் முனை கிண்ணத்தின் கழுத்துக்குள்ளேயே முறிந்து நின்றது. கிண்ணத்தின் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு விரிசல்.

"மரத்துண்டுதானே மாமா. வேற வாங்கித் தரேன்."

அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருபத்திரண்டு வருடமாக அவர் பல் பதிந்த குழல் அது. வாயைத் திறந்தால் ஏடாகூடமாக ஏதாவது வந்துவிடும் என்று, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியேறினார். வீட்டுக்கு வந்ததும், சின்னப் பையன் தெரியாமல் செய்துவிட்டான், விடுங்கள் என்றாள் மனைவி. சின்னப் பையனுக்கு நாற்பத்தொன்று முடிந்திருந்தது.

நாடகம் அரங்கேறிய அன்று பொம்மை பைப்பையும் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கேட்க வந்தவனிடம் கையை விரித்தார். வேறு வழியில்லாமல் மச்சினன் வெறுங்கையோடு மேடையேறினான். கோபக் காட்சியில் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு, குரலை இறக்கிப் பேசினான். அரங்கம் கப்சிப்பென்று ஆனது. காட்சி முடிந்ததும் கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

பூரித்துப்போய் வந்தவனைத் திரையோரத்தில் மறித்தார்.

"வெறுங்கையோடவே இவ்வளவு நல்லா நடிக்க வருதுல்ல?"

"எனக்கே ஆச்சரியமா இருக்கு மாமா."

"அப்போ என்னுதை எதுக்குடா உடைச்சே?"

மச்சினன் முகம் செத்துவிட்டது. அப்போதுதான் முதல் தடவையாக மன்னிப்புக் கேட்டான். அது அவர் கோபத்தை இம்மியும் குறைக்கவில்லை. மறுநாள் மெல்லிய திருகாணி ஒன்றை முறிந்த முனைக்குள் செலுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு துண்டை வெளியே எடுத்தார். வேறு குழல் பொருத்திக்கொள்ளலாம். விரிசலுக்கு அவரிடம் வழியில்லை. எட்டு மாதமாகிறது, மச்சினனோடு இன்னும் பேச்சுவார்த்தை கிடையாது.