தும்மும் குரங்குக்காக நாற்பது தவறுகள்

1

அவள் பெயர் தஸ்லீமா. ஏற்காட்டில் தந்தையின் காப்பித்தூள் கடைக்கு மேல்மாடியில் அமர்ந்து, தேநீர் மட்டுமே பருகி, குழந்தைகளுக்கான கணினி விளையாட்டுகளை ஆக்குபவள். எதை ஆக்கினாலும் முதலில் தானே அதில் தோற்றுப் பார்ப்பது அவள் வழக்கம். ஓய்வுபெற்ற ஆசிரியனான நான், அவளுடைய கணக்கு விளையாட்டில் எழுத்துப்பிழை திருத்தச் சென்றேன். இக்கதை அங்கேதான் என்னைத் தொற்றிக்கொண்டது.

2

நாகலூர்ப் பள்ளியின்மீது மூடுபனி மெல்ல மெல்ல

(அடித்துவிட்டேன். கணினி அறைக்குள் மூடுபனிக்கு என்ன வேலை?)

மீண்டும் தொடங்குகிறேன். திரையில் ஒரு கணக்கு. கீழே இரண்டு விடைகள். சரியானதைத் தொட்டால் நட்சத்திரம் மின்னும். தவறானதைத் தொட்டால், மரத்துக் குரங்கு மிளகு மூட்டைக்குள் தலைகுப்புற விழுந்து, தும்மித் தும்மி மூட்டையோடு உருண்டோடும்.*

* தும்மல் குரல்: தந்தை ரஹமத்துல்லா. மிளகும் விற்பவராதலின் ஒத்திகை தேவைப்படவில்லை.

3

வெள்ளோட்டத்தன்று நான்காம் வகுப்பின் காதில் இடைவேளை மணியே விழவில்லை. அத்துணை ஈடுபாடு! ஆனால், செல்வி என்னும் சிறுமி நாற்பது கணக்குகளுக்கும் தவறாகவே விடையளித்திருந்தாள். தலைமையாசிரியர் மரியஜோசப் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்.

"குரங்கை எடுத்துடுங்கம்மா. இல்லாட்டி இந்த ஆட்டம் நமக்கு வேண்டாம். செல்வியத் தனி வகுப்புல போட்டுடலாம்."

தஸ்லீமாவின் ஆறு மாத உழைப்புக்கு இசைவு தந்த ஒரே பள்ளி அது.

(மரியஜோசப்பைக் கொடியவராக்க முயன்றேன், இயலவில்லை. மூன்றாம் தும்மலில் அவரும் சிரித்துவிட்டார்.)

தஸ்லீமா செல்வியருகே அமர்ந்தாள்.

"ஏன் கண்ணு, கணக்கு நொம்பக் கஷ்டமா?"

"இல்லீங்க்கா. சரியா அமுக்குனா வெறும் நட்சத்திரந்தானுங்க. எனக்குக் குரங்கு தும்மோணும்."

"அதுக்காக நாப்பதுமா?"

"ஏனுங்க்கா, சரியான விடை தெரிஞ்சாத்தான அத உட்டுட்டு மத்தத அமுக்க முடியும்?"

உண்மைதான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலும் ஏறத்தாழப் பாதி சரியாகியிருக்குமே! முப்பத்து நான்கு ஆண்டுகள் விடைத்தாள்களில் சுழியம் இட்ட நான், வாய்விட்டுச் சிரித்தேன்.

4

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

நட்சத்திரமும் தும்மலாம். ("நட்சத்திரத்துக்கு ஏதுங்கய்யா மூக்கு?" என்றாள் தஸ்லீமா.)

சரியான விடைக்கே குரங்கு விழலாம். செல்விக்கு முழு மதிப்பெண். ஆனால், மெய்யாகவே பிழை செய்த பிள்ளை எதைக் கண்டு சிரிக்கும்? இதையும் அடித்துவிட்டேன்.

மரியஜோசப் இசையலாம், அல்லது மறுத்து

அதனை நீங்களே எழுதிக்கொள்க. தஸ்லீமா அவரிடம் சென்று சொன்னதை மட்டும் எழுதி நிறுத்துகிறேன்.

"குரங்கு இருக்கட்டுங்க சார். மார்க்கை எடுத்துடறேன்."