பட்டத்துக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜையன்று காலையில் என் மகள் ரித்திகாவின் பட்டச் சான்றிதழைப் பீரோவிலிருந்து எடுத்து, அதன் பிளாஸ்டிக் உறையின் நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்தேன். வருஷா வருஷம் அவள் புத்தகங்களுக்கு வைத்த கைதானே. இப்போது கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் இன்ஜினியராக இருக்கிறாள். அந்தப் பட்டறைப் பூஜையிலேயே பட்டத்தை வைத்து எடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை.

"குடும்பத்தையெல்லாம் கூப்புடலீங்கப்பா. ஸ்டாஃப் மட்டுந்தான்" என்று முந்தின நாளே சொல்லியிருந்தாள். யாரிடம் கதை விடுகிறாள்? இருபத்தெட்டு வருஷம் லேத் மிஷின் ஓட்டியவன் நான். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தைக் கூப்பிடாத பட்டறையைக் கோயமுத்தூரில் பார்த்ததே இல்லை. லேத்காரன் அப்பனைக் காட்ட வெட்கப்படுகிறாளோ என்று மனசு கொஞ்சம் வலித்தது. போகட்டும், சின்னப் பிள்ளை. அவள் கிளம்பிப் போனதும் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு, பட்டத்தையும் எடுத்துக்கொண்டு போத்தனூர் வீட்டிலிருந்து மொபெட்டில் கிளம்பினேன்.

என் வலது கை ஆள்காட்டி விரலில் பாதிதான் இருக்கிறது. மீதியை லேத் தின்றுவிட்டது. "எம் புள்ள மிசினத் தொடக் கூடாது" என்று சொல்லிச் சொல்லித்தான் அவளை வளர்த்தேன். கல்விக் கடனுக்கு அந்த அரை விரலோடுதான் கையெழுத்துப் போட்டேன். படித்து முடித்தவள் இரண்டு வருஷம் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. "படிச்சு என்னத்தக் கண்டா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நான் சண்டைக்குப் போவேன். நாலு மாதத்துக்கு முன்னால் இந்த வேலை கிடைத்தது. கடன் தவணையை அவளே கட்டினாள். நானும் நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

பட்டறையைக் கழுவி வாழைமரம் கட்டியிருந்தார்கள். ரித்திகாவின் அப்பா என்று சொன்னதும் முதலாளி பாலகோபால் வாசலுக்கே வந்து, "வாங்க, வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். பூஜைத் தட்டில் அங்கே செய்த உருப்படிகளை அடுக்கியிருந்தார்கள். குழாய்த் துண்டு போலிருந்த ஒரு பித்தளை புஷ்ஷை எடுத்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தேன். பழக்கம் விடுமா? வழவழவென்று இருந்தது.

"யாருங்க போட்டது? நல்ல கையிங்க."

"உங்க புள்ளதானுங்க. சிஎன்சி மிசின அவதான் ஓட்டறா. பிளஸ் டூ படிச்ச புள்ளைக்கு இத்தன சூட்டிகைங்களா!"

நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேன். மனுஷன் வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. "பிளஸ் டூவா? நல்லாச் சொன்னீங்க போங்க! எம் புள்ள பி.இ. மெக்கானிக்கலுங்க" என்று உறையை அவர் கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் ரித்திகாவைப் பார்த்தேன். மிஷினுக்குப் போட வைத்திருந்த மாலையோடு நின்றவள், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் நிதானமாகப் படித்தார். குரலை உயர்த்தவில்லை. "ஏன் அம்மணி, எங்கிட்டப் பொய் சொன்ன?"

"பி.இ.ன்னு சொன்னா யாருமே மிசின்ல எடுக்கலீங்க சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "தப்பா நெனச்சுக்காதீங்க. மூணு பி.இ. பசங்கள மிசின்ல போட்டுப் பட்டுட்டேனுங்க. நல்லாப் பழகிக்கிட்டு, ஆபீஸ் வேல கெடச்சதும் போயிர்றாங்க. இந்தப் புள்ள பொய் வேற சொல்லிப்போட்டா."

"இவ போக மாட்டாளுங்க. நான் பொறுப்புங்க. மிசின்லயே இருக்கட்டுமுங்க" என்று கும்பிட்டேன். மிஷினைத் தொடக் கூடாது என்று வளர்த்த அதே வாயால் கெஞ்சினேன். அவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பொரி, கடலை, ஸ்வீட் பாக்கெட், போனஸ் கவர் எல்லாவற்றையும் குறையில்லாமல் அவள் கையில் கொடுத்தார்.

"மிசினுக்கு நாளைல இருந்து வேற ஆளு பாத்துக்கறேன் கண்ணு. ரெண்டு பேரும் சாப்புட்டுட்டுப் போங்க" என்றார்.

நாங்கள் சாப்பிடவில்லை. அவளை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்துக் காந்திபுரம் தாண்டினேன். "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றேன்.

"சொன்னா உட்டிருப்பீங்களாப்பா?"

விட்டிருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும். சட்டை முதுகில் ஈரம் படுவது தெரிந்தது. நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சந்தனத்தைத் துடைக்காமலே பட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். நான் சட்டையைக் கழற்றப் போனபோது பையில் ஏதோ கனத்தது. அந்தப் பித்தளை புஷ். கையோடு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். வாசற்படியில் உட்கார்ந்து, அரை விரலை உள்ளே விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு பிசிறு தட்டவில்லை.