சர்க்கரை இரண்டு தடவை விழுந்த ஏல்

நான் சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டதால், பக்கத்து வீட்டு ஹெட்லி தன் மகள் தெல்மாவின் கல்யாணத்தன்று காலையில் தரையிலிருந்து ஒரு முழம் மேலே எழும்பினார். பிறகு இறங்கவில்லை. யார்க்ஷயரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டிலேயே ஏல் என்கிற பீரைக் காய்ச்சுகிறவர்கள். பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கிற துளி சர்க்கரையை மிச்சமிருக்கும் ஈஸ்ட் தின்று மெல்லிய நுரை கட்டும். அது நாக்கைச் சீண்டினால் போதும், பொங்கி வழிந்தால் அது லண்டன்காரன் குடிக்கிற சமாச்சாரம் என்பார்கள். நான் சர்க்கரைப்பாகை மொத்த வாளியிலும் கலக்கிவிட்டு, வானொலியில் கிரிக்கெட் கேட்ட கவனத்தில் பாட்டிலுக்கு அரைக் கரண்டி வேறு போட்டேன். பாட்டில்கள் வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. என் கைப்பக்குவம் என்று நினைத்து, பெண்ணின் அப்பாவுக்குப் படபடப்பு அடங்கட்டுமென்று ஒன்றைக் கொடுத்தேன்.

தெல்மாதான் அவர் சட்டைக்கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குள் இழுத்துப் போனாள். பாதிரியார் எதையும் கவனிக்காத மாதிரி ஜெபம் சொன்னார். கல்யாணப் படத்தில் மற்றவர்கள் எல்லாரும் பள்ளத்தில் நிற்பதுபோல் இருக்கிறார்கள். மீதி ஏலை நான் சாக்கடையில் ஊற்றினேன். அன்றிலிருந்து எங்கள் தெருச் சாக்கடை மேட்டைப் பார்த்து ஓடுகிறது, நகராட்சியும் அதை அப்படியே விட்டுவிட்டது. ஹெட்லிக்குச் செருப்பு தேய்வது நின்றது. அவர் மனைவி எனிட் அவருக்கடியில் தரை துடைக்கப் பழகினாள். காற்றடிக்கும் நாட்களில் அவரைக் கதவுக் குமிழில் கட்டிவைத்தார்கள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எனிடிடம் மன்னிப்புக் கேட்டால், "அட, பரவால்ல கண்ணு, டீ குடிக்கிறியா?" என்பாள். பாதிரியாரிடம் புலம்பினால், "சாயங்காலம் மழை வரும்போல இருக்கு" என்பார். எங்கள் ஊரில் வீடு பற்றி எரிந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். உள்ளுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்பது சவப்பெட்டியோடு போகும். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வேலிக்கு மேலே நான் நீட்டுகிற கேக்கை ஹெட்லி குனிந்து வாங்கி, "நல்லாருக்கு" என்பார், பிரித்துக்கூடப் பார்க்காமல்.

தெல்மாவின் மூத்தவன் பள்ளிக்கூடம் முடித்த வருடம், எனக்குப் பொறுக்கவில்லை. வேலியோரம் நின்று கேட்டேன்: "ஹெட்லி, மழுப்பாம சொல்லுங்க. என்மேல கோவமா, இல்லியா?"

அவர் ஏணி இல்லாமலே ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தார். ஒன்றைச் சட்டையில் துடைத்தார்.

"கோவந்தான், வில்ஃப். தூக்கிவிட்டதுக்கில்ல, அது பழகிப்போச்சு. வெள்ளிக்கிழமையானா டோமினோக் கட்டை ஆட வருவியே, கல்யாணத்துக்கப்புறம் ஒருநாள் எட்டிப் பாத்தியா? இத்தன வருஷமா எனிட்கூட ஆடுறேன்யா. கள்ளாட்டம் ஆடுறா. உன்மேலதான் கோவம்."