முட்டி மடங்காத படம்

எக்ஸ்ரே அறையில் கொத்தனார் அன்றைக்கு இரண்டாம் முறையாக நின்றார். முதல் படத்தை டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"முட்டிய மடக்கி நின்னிருக்கீங்கண்ணே. அது செல்லாது," என்றாள் படமெடுக்கும் பெண்.

"நேராத்தானே நின்னேன்."

"பாக்க நேராத்தான் இருந்துச்சு. அதான் பிரச்சனை."

ஆறு வருஷத்துக்கு முன்னால் அடிமுதுகில் நான்கு எலும்புகளைக் கம்பி வைத்து இணைத்தார்கள். வலி போனது. கூடவே முதுகின் இயல்பான வளைவும் போய், உடம்பு முன்னால் சாய ஆரம்பித்தது. முட்டியை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்ந்து நிற்கப் பழகிக்கொண்டார். தொளதொள கால்சட்டைக்குள் எதுவும் தெரியாது. அரை மணி நேரத்தில் தொடை எரியும். சாரத்தடியில் நின்று ஆட்களை விரட்ட அந்த அரை மணி நேரம் போதும். வீட்டில் பெரும்பாலும் உட்கார்ந்தே இருந்தார். மனைவி கேட்டால், "கொஞ்சம் பிடிப்பு, வேறொண்ணுமில்ல."

இப்போது பழைய கம்பியைக் கழற்றி, எலும்பில் ஆப்பு மாதிரி ஒரு துண்டை வெட்டியெடுத்து, நிமிர்த்தி மறுபடி கட்டப்போகிறார்கள். எவ்வளவு வெட்டுவது என்பதற்கு இந்தப் படம்தான் கணக்கு. கழுத்தெலும்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டதுபோல ஒரு கோடு இழுப்பார்களாம். டாக்டர் சொன்னபோது கொத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. சாய்ந்த சுவரில் பூச்சைக் கனமாகப் பூசி, நேர் என்று காட்டி ஒப்படைத்தவர்களை அவருக்குத் தெரியும். அவரே இரண்டு முறை ஒப்படைத்திருக்கிறார்.

"கூனாம நில்லுங்க," என்றாள் வாசலில் நின்ற மனைவி. "நல்லா நின்னா டாக்டரு கத்தியே வேணாம்னுடுவாரு."

"நீ வெளிய போ."

"ஏன், நான் பாக்காத உடம்பா?"

அவர் கைகளை மடக்கித் தோளில் வைத்துக்கொண்டார். முட்டியை நீட்டினார். உடம்பு தானாக முன்னால் இறங்கியது. கண்ணிலிருந்து சுவர் போனது, கதவு போனது, கடைசியில் தரை மட்டும் மிச்சமிருந்தது.

"எதையும் பிடிக்காதீங்கண்ணே. அப்படியே இருங்க."

அந்தப் பெண்ணின் குரல் வாசல் பக்கம் திரும்பியது.

"அக்கா, கதவ சாத்தணும். வெளிய நில்லுங்க."

தரையில், மனைவியின் ஓரம் தேய்ந்த இரண்டு செருப்புகள் அவருக்குத் தெரிந்தன. அவை நகரவில்லை.

"அக்கா," என்றாள் அந்தப் பெண் மறுபடி.

செருப்புகள் ஓரடி முன்னால் வந்தன.