மூக்குத்திப் படத்தின் ஓரத்தில் ஒரு பெயர்

மன்னார்புரத்தில் வைக்கப்போகும் விளம்பரப் பலகைக்கு ஒற்றை மூக்குத்தியைப் படமெடுக்க மலைக்கோட்டை நகைக்கடைக்காரர் சந்திரசேகர் என்னைக் கூப்பிட்டிருந்தார். கேமராவை லேப்டாப்போடு இணைத்து எடுக்கத் தொடங்கியதும், படத்தின் ஓரத்தில் என் பெயர் வர வேண்டும் என்றேன்.

"நீ கேமராவைத் தொடவே இல்லையேம்மா. கம்ப்யூட்டர் எடுக்குற படத்துக்கு உன் பேரு எதுக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். படித்து வாங்கிய வேலையை ஒரு பெட்டியின் பெயரில் எழுதிவைக்க முடியாது.

தொட்டால் கேமரா ஆடும். அதனால்தான் லேப்டாப்பிலிருந்தே ஃபோகஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, வரிசையாக எடுத்து, கடைசியில் ஒரே படமாகச் சேர்ப்பேன். அப்போதுதான் கல்லின் முனையும் அடியும் ஒருசேரத் தெளிவாக வரும்.

பாதியில் சந்திரசேகர் மூக்குத்தியை எடுத்து, மஞ்சள் துணியால் துடைத்துத் திரும்ப வைத்தார். நகைக்கடைக்காரர் கை, சும்மா இருக்காது.

"கையை எடுங்க!"

கடையே திரும்பிப் பார்த்தது.

"தூசி இருந்துச்சும்மா. அதான் கம்ப்யூட்டர் இருக்கே, சரி பண்ணிக்காதா?"

"அது பாட்டுக்கு எடுத்துக்கிட்டே இருக்குங்க. மூக்குத்தி நகர்ந்ததுல எல்லாம் கெட்டுப்போச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

முதலிலிருந்து எடுத்தேன். திரை முழுக்க மூக்குத்தி விரிந்தபோது, கல்லைப் பிடித்திருந்த தங்கத்தில் அரம் தேய்த்த கோடுகூடத் தெரிந்தது. பழக்கத்தில் பூதக்கண்ணாடியை எடுத்த சந்திரசேகர், அதை மெல்லக் கீழே வைத்தார்.

"பேரை எந்த ஓரத்துல போடணும்?"

"வலது பக்கம். அனுசுயா, பாலக்கரை. பஸ்ஸுல போறவங்களுக்கும் தெரியிற மாதிரி பெருசா போடுங்க."